சின்ன மோட்டார் படகில் இரண்டாவது பேட்டரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழையாறு தொடங்கி தரங்கம்பாடி, நாகப்பட்டினம், கோடியக்கரை, முத்துப்பேட்டை, மல்லிப்பட்டினம் என்று டெல்டா கரை முழுக்க ஃபைபர் படகுகள்தான். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள எஞ்சின், அதற்கு ஒரு பேட்டரி. அப்புறம் லைட் சேர்கிறது, ஜிபிஎஸ் சேர்கிறது, ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ், போன் சார்ஜர், தண்ணீர் இறைக்கும் பம்பு என்று ஒவ்வொன்றாக அதே பேட்டரியின் தலையில் ஏறுகிறது. இரண்டாவது பேட்டரி வைக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே. எல்லாமே 12 வோல்ட் படகுகளுக்கு.

எனக்கு உண்மையிலேயே இரண்டாவது பேட்டரி தேவையா?

கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் எஞ்சின், பகலில் மட்டும் பாடு (மீன்பிடிப்பு), கையில் ஒரு டார்ச் என்றால் தேவையில்லை. அந்தக் காசில் நல்ல லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள்.

எஞ்சினை அணைத்துவிட்டு ராத்திரி வலையோடு கிடப்பவர் என்றால் கட்டாயம் தேவை. லைட்டும் ஜிபிஎஸ்ஸும் மணிக்கணக்கில் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். விடியற்காலை சாவியைத் திருப்பும்போது "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் வரும். கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணையில் இது வெறும் தொந்தரவோடு முடியாது. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் வரைந்த எல்லைக்கோடு கடலில் கண்ணுக்குத் தெரியாது, ஜிபிஎஸ் திரையில்தான் தெரியும். எஞ்சினும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை, நீரோட்டம் இழுக்கிறது என்றால் படகில் இருப்பவர்களின் கதி என்ன என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு எதற்கு? இருப்பதை எடுத்துவிட்டு ஒரே பெரிய பேட்டரியாக வைத்தால் போதாதா?

போதாது. பெரிய பேட்டரி தீர்வதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும், அவ்வளவுதான். தீர்ந்த பிறகு எஞ்சினும் சேர்ந்தே நிற்கும். நமக்கு வேண்டியது லைட், ஜிபிஎஸ் எல்லாம் ஒரு பேட்டரியைக் காலி செய்தாலும், எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி முழுதாக மிச்சம் இருப்பது. இரண்டாவது பேட்டரி வைப்பதே இந்தப் பிரிவினைக்காகத்தான். இனி வரும் பதில்களில் முதலாவதை எஞ்சின் பேட்டரி என்றும், மற்றதை லைட் பேட்டரி என்றும் சொல்கிறேன்.

இரண்டையும் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்துவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறாரே?

அப்படிச் சேர்த்து அப்படியே விட்டுவிட்டால் அது மறுபடியும் ஒரே பேட்டரிதான். இரண்டு குடங்களை அடியில் குழாய் வைத்து இணைத்தால் எந்தக் குடத்தில் மொண்டாலும் இரண்டிலும் மட்டம் இறங்கும். அதோடு, பழையதும் புதியதும் சேரும்போது பழையது புதியதைக் கெடுக்கும். ஒன்றில் ஒரு செல் ஷார்ட் ஆனால் நல்லதும் அதோடு சேர்ந்து வடிந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு இணைத்தால் 24 வோல்ட் வரும். ஜிபிஎஸ், வயர்லெஸ், எஞ்சினின் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் ஒரு நொடியில் போய்விடும்.

அப்படியானால் எப்படிப் பிரிப்பது?

மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது கையால் திருப்பும் செலக்டர் சுவிட்ச். 1, 2, இரண்டும் சேர்ந்து, ஆஃப் என்று நாலு நிலை இருக்கும். விலை குறைவு, பழுது பார்ப்பது சுலபம். ஆனால் திருப்ப ஞாபகம் இருக்க வேண்டும். ராத்திரி களைப்பில் "இரண்டும்" நிலையிலேயே விட்டுத் தூங்கினால் எல்லாம் வீண். எஞ்சின் ஓடும்போது தவறிப்போய் ஆஃப் பக்கம் திருப்பினால், சார்ஜ் போக வழியில்லாமல் வோல்டேஜ் எகிறி, எஞ்சினின் ஏசி கரண்டை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயர் போய்விடும்.

இரண்டாவது, வோல்டேஜ் பார்த்துத் தானே இணைத்துப் பிரிக்கும் ரிலே. கடையில் விஎஸ்ஆர் என்று கேளுங்கள். எஞ்சின் ஓடி, எஞ்சின் பேட்டரி ஏறக்குறைய 13.3 வோல்ட்டைத் தாண்டியதும் லைட் பேட்டரியைச் சேர்த்துக்கொள்ளும். எஞ்சினை அணைத்த பிறகு 12.8 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் பிரித்துவிடும். கம்பெனிக்குக் கம்பெனி இந்த எண்கள் சற்றே மாறும். யாரும் எதையும் திருப்ப வேண்டாம். சின்னப் படகுக்கு நான் சொல்வது இதைத்தான். இதோடு ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனியே ஒரு ஆன்-ஆஃப் மெயின் சுவிட்ச் வைத்துவிட்டால் வேலை சுத்தமாக இருக்கும்.

மூன்றாவது டயோட் ஐசொலேட்டர், அதாவது கரண்டை ஒரு பக்கம் மட்டும் விட்டுப் பேட்டரிகளைப் பிரித்து வைக்கும் கருவி. சாதாரண டயோடில் 0.6, 0.7 வோல்ட் வீணாகும். சின்ன எஞ்சின் தரும் சார்ஜே குறைவு என்பதால் பேட்டரி ஒருநாளும் முழுதாக நிறையாது. வேண்டாம்.

லைட் பேட்டரியாக எந்த வகை வாங்க வேண்டும்?

கார், டிராக்டர் பேட்டரிகளில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொடுக்கும், உடனே எஞ்சினிலிருந்து நிரப்பிக்கொள்ளும். எஞ்சின் பேட்டரிக்கு அது சரி. அதையே பாதிக்கும் கீழே இறக்கி இறக்கி ஏற்றினால் ஒரு பருவம்கூடத் தாங்காது. லைட் பேட்டரிக்குத் தடித்த தகடுள்ள டீப் சைக்கிள் வகை வேண்டும். அதிலும் தண்ணீர் ஊற்ற வேண்டாத, ஆசிட் சிந்தாத சீல் செய்த வகையாகப் பாருங்கள். அலையில் படகு குதிக்கும் குதியில் தண்ணீர் ஊற்றும் மூடிகள் உள்ள பேட்டரியிலிருந்து ஆசிட் தெறிக்காமல் இருப்பது கஷ்டம்.

வீட்டில் பழைய இன்வெர்ட்டர் பேட்டரி சும்மா கிடக்கிறது. அதை வைக்கலாமா?

உயரமான டியூபுலர் பேட்டரியைத்தானே சொல்கிறீர்கள்? தகடு தடிமன் என்பது வாஸ்தவம்தான், ஆனால் 150 ஆம்பியர்-ஹவர் (கொள்ளளவின் அளவு, ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கியது) டியூபுலர் 50 கிலோவைத் தாண்டும். உயரம் அதிகம், சாய்ந்தால் ஆசிட் கொட்டும். ஆடாமல் அசையாமல் ஒரு மூலையில் நிற்பதற்காகச் செய்தது அது. வீட்டிலேயே இருக்கட்டும்.

லித்தியம் போடலாமா?

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை நல்லது. எடை பாதிக்கும் கீழே, கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் ஓய்வு வோல்டேஜே 13.3 பக்கம் நிற்கும். இன்னும் சார்ஜ் வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்து விஎஸ்ஆர் பிரிக்காமலே இருந்துவிடும். அதனால் ரிலேக்குப் பதிலாக, எஞ்சின் பேட்டரியிலிருந்து எடுத்து லித்தியத்துக்கு ஏற்ற வோல்டேஜில் ஏற்றும் டிசி-டு-டிசி சார்ஜர் வைக்க வேண்டும். அந்தச் செலவுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பழைய ஸ்கூட்டர், இ-ரிக்‌ஷா செல்களைப் பிரித்துக் கட்டித் தரும் பேக்குகளை மட்டும் படகில் ஏற்றாதீர்கள். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் தீப்பிடித்தால் ஓடுவதற்கு இடம் கிடையாது.

எத்தனை ஆம்பியர்-ஹவர் வேண்டும்?

எது எவ்வளவு இழுக்கிறது, எத்தனை மணி நேரம் என்று எழுதிக் கூட்டுங்கள். பத்து மணி நேர ராத்திரிப் பாட்டுக்கு ஒரு கணக்கு:

- 10 வாட் எல்ஈடி லைட் இரண்டு: 1.7 ஆம்பியர், பத்து மணி நேரத்துக்கு 17 ஆம்பியர்-ஹவர்
- ஜிபிஎஸ்ஸும் எக்கோவும் சேர்ந்த செட்: 1 ஆம்பியர், மொத்தம் 10
- விஎச்எஃப் வயர்லெஸ்: கேட்கும்போது அரை ஆம்பியருக்கும் கீழே, 25 வாட்டில் பேசும்போது ஐந்து, ஆறு. பேச்சு கொஞ்சம்தான் என்பதால் மொத்தம் 5
- இரண்டு போன் சார்ஜ்: 3
- பம்பு, இடையிடையே மொத்தம் அரை மணி: 1.5

கூட்டினால் 36.5. ஈய-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். ஆகவே இரண்டால் பெருக்கி, 75 ஆம்பியர்-ஹவர். பழைய ஹாலஜன் பல்புகளை எல்ஈடிக்கு மாற்றினால் இந்தக் கணக்கு அப்படியே இறங்கும். பேட்டரி வாங்குவதற்கு முன்னால் பல்பை மாற்றுங்கள்.

எஞ்சின் இரண்டையும் சார்ஜ் செய்துவிடுமா?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். சின்ன அவுட்போர்டில் (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்) வேகமாக ஓடும்போதே 5 முதல் 10 ஆம்பியர் வரைதான் வரும். மெதுவாக ஓடினால் அதுவும் குறையும். மேலே சொன்ன 36.5ஐ எடுத்தால், இழப்பையும் சேர்த்து 43 போலத் திருப்பிப் போட வேண்டும். துறைமுகத்துக்குத் திரும்பும் இரண்டு மணி நேர ஓட்டத்தில் 20 ஏறினால் பெரிது. மீதிக்குக் கரையில் சார்ஜர் போட வேண்டும், இல்லாவிட்டால் சோலார். சில கயிறு ஸ்டார்ட் மாடல்களில் லைட்டுக்கான காயில் மட்டும்தான் இருக்கும், அது ஏசி. ரெக்டிஃபயர் இல்லாமல் அதைப் பேட்டரியில் கொடுக்கக் கூடாது.

சோலார் தகடு வேலை செய்யுமா?

நன்றாகவே வேலை செய்யும். நமக்கு வெயிலுக்கா பஞ்சம்? 100 வாட் தகடு நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 25 ஆம்பியர்-ஹவர் தரும். சார்ஜ் கன்ட்ரோலர் இல்லாமல் நேரடியாக இணைக்காதீர்கள். கூரையில் வலையின் நிழல் ஒரு ஓரத்தில் விழுந்தால்கூட மொத்த தகடின் கரண்டும் பெருமளவு சரியும். தகடைப் பொருத்தும்போது முதலில் நிழலைப் பாருங்கள். உப்புப் படிவை நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

படகில் எங்கே வைப்பது?

75 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 20 கிலோ பக்கம் வரும். எஞ்சின், டேங்க், எஞ்சின் பேட்டரி எல்லாம் ஏற்கெனவே பின்னால் இருக்கிறது. இதையும் அங்கேயே வைத்தால் பின்பக்கம் அமுங்கி அணியம் (முன்பக்கம்) தூக்கும். முகத்துவாரத்தில் மணல்திட்டு மேல் அலை உடையும் இடத்தில் அது ஆபத்து. முத்துப்பேட்டை லகூன் மாதிரி ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சின் காற்றாடி சேற்றில் உரசும். நடுவில், தாழ்வாக, ஆனால் படகின் அடியில் தேங்கும் தண்ணீர் தொடாத உயரத்தில் ஒரு மேடை அமைத்து வையுங்கள்.

மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து பெல்ட் போட்டு இறுக்க வேண்டும். கையால் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. தேங்காய்நார்க் கயிறு நனைந்து காய்ந்து தளர்ந்துவிடும், அது வேண்டாம். பெட்டியின் மேல்பக்கம் காற்றோட்டம் இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், அது மேலே போகும். பெட்ரோல் ஆவி கனமானது, அடியில் தங்கும். அதனால் பேட்டரியும் பெட்ரோல் கேனும் ஒரே அறையில் வேண்டாம். பேட்டரிக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூக்கில் நெடி ஏறினால் குனிந்து பார்க்காமல் விலகுங்கள்.

எந்த ஒயர்? வீட்டு ஒயரிங் மிச்சம் இருக்கிறதே.

வேண்டாம். உப்புக் காற்று ஒயருக்குள் ஏறுவதை நேரில் பார்த்தால் ஏன் என்பது புரியும். இரண்டு வருடம் படகில் கிடந்த சாதாரண செம்பு ஒயரின் நுனியை உரித்துப் பாருங்கள். இழைகள் கறுத்திருக்கும், விரலில் தேய்த்தால் பச்சைப் பொடி வரும். இன்னும் ஒரு சாண் உரித்தாலும் அதே கறுப்புதான். ரப்பருக்குள்ளே ஈரம் இழையோடு இழையாக ஏறிக்கொண்டே போயிருக்கும். மேலே பார்த்தால் புது ஒயர் மாதிரியே இருக்கும், ஆனால் லைட் மங்கும், ஜிபிஎஸ் அடிக்கடி அணைந்து எரியும்.

வெள்ளீயம் பூசிய, நிறைய மெல்லிய இழைகள் கொண்ட செம்பு ஒயர் வாங்குங்கள். விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் ஆடியோ கடையில் எடுப்பதாக இருந்தால் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அந்த இழையை லைட்டரில் காட்டுங்கள். வெள்ளீயம் பூசிய செம்பு சிவந்து நிற்கும். செம்பு பூசிய அலுமினியம் தொய்ந்து உருகிவிடும், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கனம்: எஞ்சின் பேட்டரியிலிருந்து செல்ஃபுக்கு எஞ்சின் கம்பெனி கொடுத்த கேபிளையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேட்டரிக்கும் ரிலேக்கும் இடையே 10 சதுர மில்லிமீட்டர். லைட், ஜிபிஎஸ்ஸுக்கு 2.5. இதைவிட மெல்லியதாகப் போட்டால் தூரத்தில் வோல்டேஜ் விழும். 2.5 ஒயரில் ஐந்து மீட்டர் போய் ஐந்து மீட்டர் திரும்பினால், 5 ஆம்பியருக்கு ஏறக்குறைய 0.37 வோல்ட் இழப்பு. 1.5 ஒயரில் அது 0.6ஐத் தாண்டும்.

முறுக்கி டேப் சுற்றுவது கூடாது. வெயிலில் டேப்பின் பசை இளகிப் பிரிந்துவிடும். ஒயர் நுனியில் லக் (உலோக வளையம்) போட்டு, கிரிம்ப் கருவியால் நெரித்து, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடு காட்டி இறுக்குங்கள். கடைசியில் டெர்மினல் மேல் வாஸ்லினோ கிரீஸோ தடவுங்கள்.

ஃப்யூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர்?

லைட் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் ஃப்யூஸ். ரிலேக்குப் போகும் ஒயரின் இரண்டு நுனிகளிலும் 50 ஆம்பியர் ஃப்யூஸ், ஏனென்றால் இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கிறது. 2.5 ஒயருக்கு 15 ஆம்பியர். ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை. ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் ஃப்யூஸ் போட்டால் ஒயரே ஃப்யூஸாகி எரியும். அடிக்கடி போகிறது என்று செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கூட இருக்கும் ஆட்களின் உயிரும் அந்தக் கம்பியில்தான் இருக்கிறது.

மைனஸை என்ன செய்வது?

இரண்டு பேட்டரியின் மைனஸும் ஒன்றாகச் சேர வேண்டும். பிரிப்பது பிளஸ் பக்கம் மட்டும்தான். மைனஸ் சேராமல் விட்டால் லைட் பேட்டரிக்குச் சார்ஜே ஏறாது.

தானியங்கி பம்பை எந்தப் பக்கம் இணைப்பது?

லைட் பேட்டரியில், மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே, தனி ஃப்யூஸோடு. படகைக் கட்டிப் போட்டு மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரி மழை பிடித்தால் பம்பு தானே ஓட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இது படகையே காப்பாற்றும்.

இணைக்கும் வரிசை என்ன? வேலை சரியாக முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிடுங்கள். ஸ்பேனர் தவறிப் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே விழுந்தால் அங்கேயே வெல்டிங் ஆகிவிடும்.

அப்புறம் மல்டிமீட்டரோடு உட்காருங்கள். எஞ்சின் ஓடாமல், நிறைந்த பேட்டரி ஒவ்வொன்றும் 12.6, 12.7 காட்ட வேண்டும். எஞ்சினைப் போட்டு எஞ்சின் பேட்டரியைப் பாருங்கள். எண் மெல்ல ஏறும், 13.3 பக்கம் வந்ததும் ரிலே "டக்" என்று ஒட்டும். அந்த நொடியில் மீட்டரை லைட் பேட்டரியில் வைத்தால் அதிலும் வோல்டேஜ் ஏறத் தொடங்கியிருக்கும். எஞ்சினை அணைத்து, லைட் எல்லாவற்றையும் போடுங்கள். சிறிது நேரத்தில் ரிலே விடும் சத்தம் கேட்கும். ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் லைட் பேட்டரி இறங்கியிருக்கும், எஞ்சின் பேட்டரி அசையாமல் நிற்க வேண்டும்.

கடைசியாக, ஜிபிஎஸ் எரிந்துகொண்டிருக்கும்போதே செல்ஃப் அடியுங்கள். திரை அணைந்து மறுபடி எரிந்தால் ஜிபிஎஸ் இன்னும் எஞ்சின் பேட்டரியில்தான் தொங்குகிறது. செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்தப் பேட்டரி கிழடாகிவிட்டது, மாற்றுங்கள்.

படகு ஓடாத மாதங்களில் என்ன செய்ய வேண்டும்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான் என்றாலும், வடகிழக்குப் பருவமழையில் சின்னப் படகுகளும் வாரக்கணக்கில் கரையில் கிடக்கும். சார்ஜ் இறங்கிய நிலையில் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு என்ன சார்ஜ் போட்டாலும் ஏறாது. முழு சார்ஜ் போட்டு, மைனஸைக் கழற்றி, நிழலில் வையுங்கள். மாதம் ஒரு முறை அளந்து 12.4க்குக் கீழே இருந்தால் மறுபடி சார்ஜ் போடுங்கள். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். கரையோர ஊர்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், அது தகடைத் தின்றுவிடும்.

நல்ல நிலையில் வைத்திருந்த பேட்டரி கரையிலும் உதவும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு பல ஊர்களில் வெகுநாள் மின்சாரம் வரவில்லை. அந்த மாதிரி நேரத்தில் ஒரு தெருவே போன் சார்ஜ் போட்டுக்கொள்ள 75 ஆம்பியர்-ஹவர் போதும்.

இவ்வளவு செய்தும் கடலில் எஞ்சின் பேட்டரி கைவிட்டால்?

லைட் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். அதற்காக ஒரு செட் தடித்த கேபிள் படகில் இருக்கட்டும். ரிலேயின் ஒயர் வழியாக அதைச் செய்ய முயல வேண்டாம், ஃப்யூஸ் போய்விடும். பல அவுட்போர்டுகளில் மூடியைக் கழற்றினால் கயிறு சுற்றி இழுக்க இடம் இருக்கும். அந்தக் கயிறு எங்கே இருக்கிறது என்று கரையிலேயே பார்த்து, ஒரு தடவை இழுத்துப் பழகுங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் நங்கூரம் போட்டுவிட்டு, விஎச்எஃப் 16-வது சேனலில் கூப்பிடுங்கள். சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. வயர்லெஸ்ஸுக்கும் போனுக்கும் கரண்ட் மிச்சம் இருக்க லைட்டுகளை உடனே அணையுங்கள்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி தயாரிப்பாளர்கள் பழையதைத் திரும்பப் பெற்றாக வேண்டும். வாய்க்காலிலோ அலையாத்திக் காட்டு ஓரத்திலோ உடைத்துப் போட்டால் ஈயம் சேற்றில் தங்கி, நாம் பிடிக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் போகும்.